பாட்டுக் கேட்டுக்கொண்டே முதல் வரைவை எழுதி முடிக்க முடியுமா? மனம் பாட்டோடு போய்விடாதா?

முடியும். சென்ற மாதம் என் நாவலின் முதல் வரைவை அப்படித்தான் முடித்தேன். 212 பக்கம். அதற்கு முன் 14 மாதங்கள் அந்தக் கதை மூன்றாம் அத்தியாயத்தைத் தாண்டவில்லை.

தாண்டாததற்குக் காரணம், நேற்று எழுதியதை இன்று திருத்திக்கொண்டே இருந்ததுதான். அமைதியான அறையில் எழுதிய ஒவ்வொரு சொல்லும் எனக்குள் ஒலிக்கும். ஒலித்தால் குறை தெரியும், குறை தெரிந்தால் அழிப்பேன். பாட்டைப் போட்ட பிறகு அந்தக் காது வேறு பக்கம் திரும்பிவிட்டது, கை முன்னே போனது.

மனம் பாட்டோடு போகும் என்ற உங்கள் பயமும் நியாயமானதே. சொற்களை ஒலி வடிவில் சில நொடிகள் சுழற்றி வைத்திருக்கும் ஒரு பகுதி நம் நினைவாற்றலில் உண்டு என்று உளவியலாளர்கள் ஆலன் பேட்லியும் கிரஹாம் ஹிட்ச்சும் 1974இல் முன்வைத்தார்கள். எழுதும் முன் வாக்கியத்தை மனத்துக்குள் சொல்லிப் பார்க்கிறோமே, அதற்கு உதவுவது அந்தப் பகுதி. எண்களை வரிசையாக நினைவில் வைக்கச் சொல்லிப் பேட்லியும் பியர் சலாமேயும் நடத்திய சோதனைகள் 1989இல் வெளிவந்தன. அவற்றில் வெறும் கருவியிசையைவிட வாய்ப்பாட்டே அதிகமாகக் குறுக்கிட்டது. பாடகரின் சொல்லும் நம் சொல்லும் ஒரே இடத்துக்குப் போட்டியிடுகின்றன என்றே நான் இதைப் புரிந்துகொள்கிறேன்.

அதை அனுபவத்திலும் கண்டேன். என் ஒன்பதாம் அத்தியாயம் அமாவாசை இரவில் நடக்கிறது. எழுதி முடித்துப் பார்த்தால் மூன்று இடத்தில் நிலவு காய்கிறது! அன்று ஓடிக்கொண்டிருந்த பாட்டில் பல்லவியே நிலவுதான். அதன் பிறகு உரையாடல் வரும் பகுதிகளுக்குப் புல்லாங்குழல் அல்லது வயலின் மட்டுமே. நடை, பயணம், சண்டை போன்ற வேகமாக ஓட வேண்டிய பகுதிகளுக்குப் பாட்டு இருக்கலாம். ஆனால் அது பலநூறு முறை கேட்ட பாட்டாக இருக்க வேண்டும். அடுத்து எந்தச் சரணம், எங்கே இடையிசை என்பதெல்லாம் காதுக்குத் தெரிந்திருந்தால் அது பாட்டைப் பின்தொடர்வதில்லை. புதுப் பாட்டு வேண்டவே வேண்டாம்.

நான் வைத்துக்கொண்டது ஒரே தொகுப்பு, சுமார் 40 நிமிடம். அது முடியும்வரை மேலே போய் ஒரு வரியைக்கூடத் தொடக் கூடாது. பெயர் நினைவுக்கு வரவில்லையா, மூன்று நட்சத்திரக் குறி. காட்சி பிடிபடவில்லையா, 'இங்கே அண்ணனும் தங்கையும் பேச வேண்டும்' என்று எழுதிவிட்டு அடுத்த காட்சிக்குப் போய்விடுவேன். நடுவில் பாட்டை மாற்றவும் கூடாது. எந்தப் பாட்டு என்று தேடுவது எழுத்திலிருந்து தப்பிக்கும் வழி, இதை நான் உறுதியாகச் சொல்வேன்.

வந்த வரைவு அலங்கோலம்தான். ஒரு பாத்திரத்துக்கு இரண்டு பெயர், 11ஆம் அத்தியாயத்தில் நான்கே வரி. ஆனால் கதைக்கு இப்போது முடிவு இருக்கிறது. அந்த 14 மாதங்களில் நான் பார்த்திராத முடிவு. முதல் அத்தியாயத்தில் எதை வெட்டலாம் என்பது அதைப் பார்த்த பிறகுதான் தெரிந்தது.

திருத்தும்போது பாட்டே போடுவதில்லை. ஒவ்வொரு பத்தியையும் வாய்விட்டுப் படிக்கிறேன். இன்று இரண்டாம் அத்தியாயத்தில் இருக்கிறேன்.