கிரேட் 1 ஃபேட்டி லிவர்: மாத்திரை இல்லாமல், எடையைக் குறைத்தே சரியாகுமா?

ஸ்கேனில் ஈரலில் லேசாகக் கொழுப்பு சேர்ந்திருக்கிறது, அதாவது கிரேட் 1 ஃபேட்டி லிவர் என்று வந்தும் டொக்டர் மாத்திரை எழுதாமல் எடையைக் குறைக்கச் சொல்லி அனுப்பிவிட்டார், அது போதுமா என்று கேட்டிருக்கிறீர்கள். போதும். இந்தக் கட்டத்தில் எடைக் குறைப்புதான் வைத்தியமே. எனக்கும் இதே ரிப்போர்ட் வந்து, பிறகு எடுத்த ஸ்கேனில் சரியாகியிருந்தது.

உடம்பு எடையில் 5 சதவீதம் குறைந்தாலே ஈரல் கொழுப்பு இறங்கும். 7 முதல் 10 சதவீதம் என்றால் அழற்சி இருந்தாலும் ஆற வாய்ப்பு உண்டு. 80 கிலோ ஆளுக்கு 4 கிலோவில் தொடங்கி 8 கிலோ வரை. ஆனால் வாரத்துக்கு அரைக் கிலோ, மிஞ்சினால் ஒரு கிலோ. பட்டினி கிடந்து மளமளவென்று இறக்கினால் ஈரலுக்கே கெடுதல், பித்தப்பையில் கல்லும் வரலாம்.

எங்கள் ஹட்டன் பக்கம் ‘ஈரலில் கொழுப்பு’ என்றதுமே வீட்டில் முட்டையையும் கோழியையும் நிறுத்திவிடுவார்கள். காலையில் கோதுமை மா ரொட்டியும் கட்டச் சம்பலும், பகல் ஒரு கோப்பைச் சோறு, ராவைக்கு மறுபடி ரொட்டி என்பது மட்டும் அப்படியே ஓடும். தேவைக்கு மேல் போகிற மாவையும் சீனியையும் ஈரல்தான் கொழுப்பாக மாற்றி வைக்கிறது. அதனால் கை வைக்க வேண்டிய இடம் அது. ரொட்டியைப் பாதியாக்கி, பக்கத்தில் பருப்போ அவித்த கடலையோ முட்டையோ வையுங்கள். கோவா, போஞ்சி, லீக்ஸ் எவ்வளவும் சாப்பிடலாம். நுவரெலியா உருளைக்கிழங்கு மட்டும் மரக்கறிக் கணக்கில் வராது, அது சோற்றுக் கணக்கு.

அடுத்தது தேத்தண்ணி. ஒரு நாளைக்கு ஆறு கோப்பை, கோப்பைக்கு இரண்டு கரண்டி என்றால் கிட்டத்தட்ட 50 கிராம் சீனி. உலக சுகாதார நிறுவனம் 25 கிராமுக்குள் வைத்தால் நல்லது என்கிறது. உள்ளங்கையில் சீனியை வைத்து நக்கிக்கொண்டு பிளேன்டி குடிக்கும் பழக்கம் இருந்தால் அதையும் கூட்டிக்கொள்ளுங்கள். கித்துள் கருப்பட்டிக்கு மாறுவதில் ஒரு லாபமும் இல்லை, ஈரலுக்கு இரண்டும் ஒன்றுதான். நான் கரண்டியைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தேன். கஷ்டம் நாக்கில் இல்லை, உறவுக்காரர் வீட்டில்தான். சீனி குறைத்துக் கொடுத்தால் மரியாதைக் குறைவு என்று நினைக்கிற ஆட்கள் நாங்கள்!

நடைக்கு ஜிம் தேடாதீர்கள். பஸ்ஸை விட்டு இறங்கி லயத்துக்கு ஏறும் ஏற்றத்தில் ஆட்டோ பிடிக்காமல் நடந்தாலே மூச்சு வாங்கும். வாரத்துக்கு 150 நிமிடம் அப்படி நடக்கப் பாருங்கள். தராசு முள் அசையாவிட்டாலும் ஈரல் கொழுப்பு குறையும்.

சம்பள நாள் அரைப் போத்தலை விட்டுவிடுங்கள், அதில் பேரம் வேண்டாம். ‘ஈரலைக் கழுவும்’ கஷாயங்களும் வேண்டாம். சீந்தில் என்ற மூலிகைக் கொடியைக் குடித்து ஈரல் கெட்டவர்கள் பற்றி மருத்துவப் பதிவுகளே இருக்கின்றன.

வெறும் வயிற்றுச் சீனி, கொலஸ்ட்ரோல், பிரஷர் மூன்றையும் பார்த்துவிடுங்கள். ஃபேட்டி லிவர் பெரும்பாலும் இவற்றோடு சேர்ந்துதான் வரும். எஸ்ஜிபிடி என்ற ஈரல் இரத்தப் பரிசோதனை சரியாக இருக்கிறது என்று மட்டும் நிம்மதி அடைய வேண்டாம், கொழுப்பு இருந்தும் அது நோர்மலாகக் காட்டலாம். ஈரலில் தழும்பு விழுந்திருக்கிறதா என்று ‘ஃபிப்-4’ கணக்குப் போட்டுப் பார்க்கச் சொல்லி அடுத்த கிளினிக்கில் கேளுங்கள். வயதும் மூன்று இரத்தப் பரிசோதனை முடிவுகளும் இருந்தால் போதும்.