ஜெம்பே (கையால் வாசிக்கும் மேற்கு ஆப்பிரிக்க முரசு) குழுவில் புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு: கேள்வி பதில்

டோன், ஸ்லாப் என்ற இரண்டு அடிகளும் எனக்கு ஒரே மாதிரிதான் வருகின்றன. என்ன செய்யலாம்?

பலத்தைக் குறையுங்கள். டோனுக்கு விரல்களைச் சேர்த்து வையுங்கள். விரல்கள் உள்ளங்கையோடு சேரும் இடம் விளிம்பில் பட வேண்டும். ஸ்லாப்புக்கும் கை கிட்டத்தட்ட அங்கேதான். விரல்களைத் தளர்த்திக் கொஞ்சம் விரித்தால் நுனிகள் தோலில் 'பளீர்' என்று விழும். ஓங்கி அடித்தால் கைதான் வீங்கும். மோதிரம் போட்டிருந்தால் கழற்றிவிடுங்கள், ஆட்டுத்தோல் கிழிந்துவிடும்.

வீட்டில் சரியாக வாசிக்கிறேன். குழுவில் உட்கார்ந்ததும் தடுமாறுகிறது, ஏன்?

நானும் முதல் சில மாதங்கள் பக்கத்தில் இருப்பவர் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் பிசகினால் நானும் பிசகுவேன். பிறகுதான் டுன்டுன்களை, அதாவது கூடவே குச்சியால் அடிக்கும் உருளை முரசுகளை, கேட்கப் பழகினேன். கென்கெனி, சங்பான், டுன்டுன்பா என்று சிறிதிலிருந்து பெரிதாக மூன்று. மூன்றும் சேர்ந்துதான் தாளத்தின் மெட்டு. அதிலும் சங்பானைக் கேட்டாலே இது எந்தத் தாளம் என்று பெரும்பாலும் தெரிந்துவிடும். அடுத்த வகுப்பில் ஐந்து நிமிடம் கையை மடியில் வைத்துக்கொண்டு சங்பானை வாயால் சொல்லிப் பாருங்கள். அப்புறம் சொல்லிக்கொண்டே உங்கள் பங்கை மெல்லச் சேர்த்துக்கொள்ளுங்கள். முதல் நாள் வராது. விட்டுவிடாதீர்கள்.

எப்போதும் ஒரே சின்ன அடியைத்தான் கொடுக்கிறார்கள். தனி ஆவர்த்தனம் எப்போது கிடைக்கும்?

அந்தச் சின்ன அடி அசையாமல் இருந்தால்தான் முன்னே வாசிப்பவர் தைரியமாகத் தாளத்தை விட்டு வெளியே போய்வர முடியும். கினி நாட்டின் மலின்கே மக்களிடம் கஸ்ஸா என்றொரு தாளம் உண்டு. வயலில் வேலை நடக்கும்போது உழைப்பவர்களுக்காக வாசிப்பது. வேலை முடியும்வரை தாளம் தளரக்கூடாது, ஓடவும் கூடாது. இது தெரிந்த பிறகு எனக்கு அந்த அடி சலிக்கவே இல்லை. ஒவ்வொரு தாளத்தையும் கற்கும்போது எந்த ஊருடையது, எதற்காக வாசிப்பது என்று ஆசிரியரிடம் கேளுங்கள். கினியின் பலன்டுகு கிராமத்தில் பிறந்து, 1991இல் பிரஸ்ஸல்ஸில் பள்ளி தொடங்கிய ஜெம்பே மேதை மாமாடி கெய்ட்டா அப்படித்தான் கற்றுக்கொடுத்தார்.

எல்லாரும் ஒரே நேரத்தில் நிறுத்துகிறார்கள். எனக்கு மட்டும் தெரிவதில்லையே?

முன்னே வாசிப்பவர் ஒரு குறிப்பிட்ட அடியை அடிப்பார். அதுதான் அழைப்பு. தொடங்கவும் நிறுத்தவும் பெரும்பாலும் அதே அடிதான். மனப்பாடம் செய்துவிடுங்கள், போதும்.

மழைக்காலத்தில் தோல் தொய்ந்து சத்தம் மந்தமாகிறது. அடுப்பருகே வைக்கலாமா?

வேண்டாம், அதிகச் சூட்டில் தோல் வெடித்துவிடும். பக்கவாட்டுக் கயிற்றை இழுத்து இன்னும் இரண்டு முடிச்சு பின்னுங்கள். தட்டிப் பார்த்து, தேவைப்பட்டால் மட்டும் மூன்றாவது.