இசைக்குப் பதில்கள்

கேள்வி: பர்மாவிலிருந்து திரும்பிய குடும்பம் எங்களுடையது. வீணை, அக்கார்டியன், புல்லாங்குழல் வாசிப்பேன், மெட்டமைப்பேன். சக்கர நாற்காலியில் இருப்பவர், பார்வையற்றவர், காது மந்தமானவர் சேர்ந்த குழுவைக் காரைக்குடியில் எங்கள் வளவில் (முற்றம் வைத்த செட்டிநாட்டு வீட்டில்) தொடங்குகிறேன். எதைக் கவனிக்க வேண்டும்?
- வாசகர், காரைக்குடி

பதில்: முதலில் சுருதி. அக்கார்டியன் சுருதியை மாற்ற முடியாது; மற்றவர்கள்தான் அதற்கு இணங்க வேண்டும். 2 கட்டை (மேற்கத்திய D) சுருதி வைத்தால் வீணைக்குச் சுகம். குழலை அதற்கேற்ற நீளத்தில் வாங்குங்கள். வீணையை முற்றத்து வெயிலில் வைக்காதீர்கள், மெழுகு இளகி, அதில் பதித்த மெட்டுக் கம்பிகள் நகரும். நாற்காலியில் இருப்பவர் வீணையை நிமிர்த்திப் பிடிக்கலாம். உங்கள் ஊர் வீணை வித்வான் சுப்பராம ஐயரே அப்படித்தான் வாசித்தார்!

ஆத்தங்குடிக் கல் பதித்த தரையும் வழவழப்பான சுவரும் எதிரொலிக்கும். ஜமுக்காளம் விரியுங்கள், சக்கரம் போகும் வழியை மட்டும் விட்டுவிட்டு. 6 அங்குல வாசற்படிக்கு 6 அடிச் சாய்தளம் தேவை, குறைத்தால் நாற்காலி பின்னால் சாயக்கூடும்.

காது மந்தமானவரையும் மிருதங்கக்காரரையும் உள்ளே வெற்றிடமுள்ள ஒரே மர மேடையில் உட்கார வையுங்கள். தாளம் உடம்பில் ஏறும், கல்தரையில் ஏறாது. பார்வையற்றவருக்குக் கையசைவு பயன்படாது. எடுப்புக்கு (பாட்டைத் தொடங்கும் இடத்துக்கு) முன் எல்லோருக்கும் கேட்கும்படி மூச்சு இழுங்கள்.

பல வாத்தியம் தெரிந்தவர்கள் தம் விரலுக்கே மெட்டுப் போடுவார்கள். அவரவர் வாசிப்பைக் கேட்டபிறகு எழுதுங்கள். யாருக்கும் வெறும் ஜால்ராவைக் கொடுத்து ஒதுக்காதீர்கள்.