ஆர்மரர் பதில்கள்: ஸ்னைப்பரா, பந்தய ரைபிளா?

கேள்வி: ஐயா, கனடாவில் பிராம்ப்டனில் இருக்கிறேன். துப்பாக்கி லைசன்ஸ் உண்டு, கிளப்பில் சுடப் போவேன். எங்கள் தெருவில் காலமான ஒரு பெரியவரின் மனைவி, அவருடைய ரைபிளை எனக்கு விற்றார். இடப்பக்கம் ‘நம்பர் 4 மார்க் 1 ஸ்டார், லாங் பிராஞ்ச் 1943’ என்று வெட்டியிருக்கிறது. ஆனால் படங்களில் பார்க்கும் பழைய 303 மாதிரி இல்லை. பேரல் தடிமன். முன்கட்டை பாதியில் முடிந்துவிடுகிறது. பின்னால் குறிபார்க்கத் திருகுகள் வைத்த ஒரு சைட், அதில் பார்க்கர்-ஹேல் என்று பெயர். ‘போரில் ஸ்னைப்பர் வைத்திருந்தது’ என்கிறார் அந்த அம்மா. உண்மையா? இதை இப்படி மாற்றியது யார்?
– வாசகர், பிராம்ப்டன்

பதில்: தம்பி, உங்கள் கடிதம் வந்ததும் கூடுதலாகச் சில படங்கள் கேட்டேன். மறுநாளே அனுப்பிவிட்டீர்கள், அதுவும் வெளிச்சம் பக்கவாட்டில் விழும்படி எடுத்து. நன்றி. தேய்ந்த முத்திரையை அப்படித்தான் படிக்க முடியும்.

ராணுவத்தில் ஆர்மரராக, அதாவது ஆயுதம் பழுதுபார்ப்பவனாக, இருந்தவனுக்கு 303 (0.303 அங்குலத் தோட்டா சுடும் பிரிட்டிஷ் ராணுவ லீ-என்ஃபீல்ட் ரைபிள், உங்கள் நம்பர் 4-ம் அந்த வகைதான்) என்றால் கண்ணை மூடிக்கொண்டு கழற்றிப் பூட்டுகிற சாமான். ஆனால் இந்த மாதிரி மாற்றிக் கட்டிய ரைபிளில் அந்தப் பழக்கமே காலை வாரிவிடும். இதற்கு இரண்டு பிறப்பு. ஒன்று தொழிற்சாலையில், இன்னொன்று ஒரு துப்பாக்கிக் கம்மியரின் மேஜையில். ஒவ்வொரு முத்திரையும் எந்தப் பிறப்பைச் சேர்ந்தது என்று பிரித்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

முதல் பிறப்பில் சந்தேகமே இல்லை. லாங் பிராஞ்ச் உங்கள் வீட்டிலிருந்து காரில் போய் வரும் தூரம்தான், டொரன்டோவின் மேற்கு ஓரம், ஏரிக்கரை. போருக்காக 1940-ல் தொடங்கிய தொழிற்சாலை. ஒன்பது லட்சத்துக்கும் மேல் நம்பர் 4 ரைபிள்கள் அங்கிருந்து போயின. தொழிலாளர்களில் பாதிக்கு மேல் பெண்கள். அதன் பரிசோதனைக் கட்டடம் இன்றும் மிசிசாகாவில் நிற்கிறது, இப்போது கலைக்கூடம். ஒரு ஞாயிற்றுக்கிழமை போய்ப் பாருங்கள். சீரியல் நம்பரின் நடுவே ‘எல்’ எழுத்து இருப்பதும் லாங் பிராஞ்ச் வழக்கம்தான்.

இப்போது ஸ்னைப்பர் கதை. கணவர் வைத்திருந்த பழைய ரைபிள் எதுவானாலும் அது ஸ்னைப்பருடையது என்று வீட்டில் ஒரு கதை வளர்ந்துவிடும். அந்த அம்மாவைக் குறை சொல்லவில்லை. போர்க்கால ஸ்னைப்பர் ரைபிளான நம்பர் 4 (டி)-யில் டெலஸ்கோப் மாட்ட, பாடியின் (பேரல் பொருந்தும் நடு இரும்புப் பாகம்) இடப்பக்கம் முன்னும் பின்னும் இரும்புத் திண்டுகள் வைத்திருப்பார்கள். டெலஸ்கோப் தொலைந்து போகலாம், திண்டும் அதன் திருகுத் துளையும் எங்கே போகும்? உங்கள் படத்தில் அந்த இடம் வழவழவென்று இருக்கிறது. லண்டனில் ஹாலண்ட் அண்ட் ஹாலண்ட் என்ற துப்பாக்கி நிறுவனம் மாற்றியவற்றில் கட்டையின் அடியில் ‘எஸ் 51’, பின்கட்டை செருகும் இரும்புக் குழியான பட் சாக்கெட்டில் ‘டிஆர்’ என்று இருக்கும். லாங் பிராஞ்ச் தானே ஆயிரத்துச் சொச்சம் ஸ்னைப்பர் ரைபிள் செய்ததால் அவற்றில் இந்த எழுத்துகளைத் தேடக் கூடாது, ஆனால் திண்டு அவற்றிலும் உண்டு. எல்லாவற்றுக்கும் மேல், அந்தக் கால ஸ்னைப்பர் ரைபிள் சாதாரண ராணுவ பேரலோடும் முழுநீளக் கட்டையோடும்தான் போருக்குப் போனது. இந்தத் தடித்த பேரலை எந்தச் சிப்பாயும் அந்தப் போரில் தூக்கித் திரியவில்லை.

அப்புறம், பேரல்தான் உங்கள் ரைபிளில் அதிகம் பேசுகிற பாகம். நான் சொன்ன சோதனையைச் செய்து எழுதியிருந்தீர்கள்: போல்ட்டை (தோட்டாவை உள்ளே தள்ளிப் பூட்டும் பாகம்) கழற்றிவிட்டு, கைப்பிடி தாராளமாகச் சுழலும் துடைப்புக் கம்பியில் இறுக்கமாகத் துணி சுற்றி, பின்பக்கமிருந்து மெல்லத் தள்ளினால் கம்பி வலப்பக்கம் சுழல்கிறது, ஒரு முழுச் சுற்றுக்குப் பன்னிரண்டு அங்குலம் போகிறது. அருமை. 303 பேரலுக்குள் சுருளாக வெட்டிய காடிகள் இடப்பக்கம் சுற்றும், பத்து அங்குலத்துக்கு ஒரு சுற்று. கம்பி எதிர்ப்பக்கம் திரும்பியபோதே இது 303 பேரல் அல்ல என்று தெரிந்துவிட்டது. வலப்பக்கச் சுற்று, பன்னிரண்டு அங்குலம், தடித்த உடம்பு: 7.62 மில்லிமீட்டர் தோட்டாவுக்கான பந்தய பேரலின் லட்சணம். பேரலின் வேர்ப்பகுதியில் 7.62 என்று தேய்ந்து தெரிவதும் அதுதான்.

அந்த எண்ணுக்குப் பக்கத்தில் நீங்கள் ‘ஏதோ கிரீடம்’ என்று எழுதியிருக்கிறீர்களே, ஊரைச் சொல்வது அதுதான். கிரீடத்தின் கீழே பி-என்-பி. துப்பாக்கிகளைச் சோதிக்கும் பர்மிங்காம் புரூஃப் ஹவுஸின் முத்திரை, 1954-க்குப் பிறகு வந்த வடிவம். இங்கிலாந்தில் 1868-ஆம் ஆண்டுச் சட்டப்படி, அதிக மருந்து வைத்துச் சுட்டுச் சோதித்து முத்திரை குத்தாமல் துப்பாக்கியை விற்க முடியாது. கனடாவில் அப்படி ஒரு கட்டாயமில்லை, அங்கே மாற்றியிருந்தால் இந்த முத்திரை தேவைப்பட்டிருக்காது. பாடியில் இரண்டு அம்புகள் முனையோடு முனை முட்டி நிற்பதையும் பாருங்கள். பிரிட்டிஷ் அரசு தன் சொத்தை வெளியே விற்றுவிட்டதற்கு அடையாளம் அது. ஆக, உங்கள் ஊருக்குப் பக்கத்தில் பிறந்து, கடல் தாண்டிப் போய், இங்கிலாந்தில் பட்டாளத்தை விட்டு வெளியேறி, பர்மிங்காமில் சோதனை முடித்து, மறுபடி கனடா வந்திருக்கிறது.

காலம்? பிரிட்டிஷ் ராணுவம் 1950-களில் 7.62-க்கு மாறியது. இனி 303 தோட்டா எத்தனை நாள் வரும் என்ற கேள்வி பந்தயச் சுடுநர்களுக்கு வந்தது. இங்கிலாந்தின் பந்தயச் சுடுகளமான பிஸ்லி மைதானத்திலும் 1960-களின் இறுதியில் 7.62 வந்தது. கையில் இருந்த நம்பர் 4-களுக்குப் புதிய பேரல் போட்டுக்கொண்டார்கள். 1970-கள் போகப் போக, பந்தயத்துக்கென்றே செய்த ஒற்றைத் தோட்டா ரைபிள்கள் இவற்றை ஓரங்கட்டின. ஆகவே உங்களுடையது அறுபதுகளின் கடைசிக்கும் எழுபதுகளின் நடுவுக்கும் இடையில் மாறியது என்பேன்.

யார் கை? சைட்டில் பார்க்கர்-ஹேல் கம்பெனியின் பெயர் இருப்பதால் ரைபிளையும் அவர்களே மாற்றினார்கள் என்று முடிவுகட்ட வேண்டாம். அவர்களும் பர்மிங்காம்தான், 7.62 மாற்றமும் செய்தார்கள். ஆனால் அவர்களுடைய சைட்டை யார் வேண்டுமானாலும் வாங்கி மாட்டலாம், மாட்டினார்கள். நல்ல சைட் அது. திருகைத் திருப்பினால் கேட்கும் ஒவ்வொரு கிளிக்கும் கால் மினிட் (மினிட் என்பது கோண அளவு, ஒரு டிகிரியில் அறுபதில் ஒரு பங்கு). ஆயிரம் கஜத்தில் குண்டு இரண்டரை அங்குலம் நகரும். என்ஃபீல்ட் தொழிற்சாலையே மாற்றியிருந்தால் ‘எல்39ஏ1’ என்றோ, வெளிச்சந்தைக்கு என்றால் ‘என்வாய்’ என்றோ பாடியில் எழுதியிருக்கும். அதுவும் இல்லை. மிச்சம் இருப்பது கட்டைக்கு அடியில் மறைந்திருக்கும் பேரலின் வயிறு. பேரல் செய்தவரும் பொருத்தியவரும் பெயரோ எண்ணோ வெட்டுகிற இடம் அது. பார்த்துவிடலாம், ஆனால் நீங்கள் கழற்றாதீர்கள். பந்தய ரைபிளில் கட்டைக்கும் இரும்புக்கும் உள்ள படிமானம் கைவேலை. அடிக்கடி கழற்றினால் தேயும், தேய்ந்தால் குறி சிதறும். லீ-என்ஃபீல்ட் தெரிந்த கம்மியரிடம் கொடுத்து ஒரே தடவை கழற்றி, போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள்.

அதே கம்மியரிடம் இன்னும் இரண்டு வேலை இருக்கிறது. போல்ட்டில் உள்ள எண்ணும் பாடியில் உள்ள எண்ணும் சேரவில்லை. விலை குறையுமே என்று கவலைப்படாதீர்கள், பேரல் மாற்றியவர் வேறு போல்ட் போட்டிருக்கலாம். ஆனால் ஹெட்ஸ்பேஸ், அதாவது பூட்டிய போல்ட்டுக்கும் தோட்டா உட்காரும் இடத்துக்கும் உள்ள இடைவெளி, அளக்காமல் ஒரு தோட்டாவும் சுடக் கூடாது. இரண்டாவது, மார்க் 1 ஸ்டாருக்கே உள்ள பலவீனம். போல்ட் தலையைக் கழற்ற அது ஓடும் தண்டவாளத்தில் ஒரு வெட்டு விட்டிருப்பார்கள். அந்த வெட்டின் விளிம்பு உதிர்ந்தால், போல்ட்டை இழுக்கும்போது தலை தடம் விட்டு எகிறும். லென்ஸ் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். கட்டைக்கு வார்னிஷ் அடிக்கிற எண்ணம் இருந்தால் இப்போதே விட்டுவிடுங்கள்.

அந்த அம்மாவிடம் ஸ்னைப்பர் விஷயத்தைப் பேசி மனதை நோகடிக்க வேண்டாம். அவர் கணவர் இங்கிலாந்திலிருந்து எந்த வருஷம் வந்தார், அங்கே எந்த கிளப்பில் சுட்டார் என்று மட்டும் கேளுங்கள். பழைய ஸ்கோர் அட்டை ஏதாவது டிராயரில் கிடந்தால், எந்த முத்திரையும் சொல்லாததை அது சொல்லும்.

கேள்வி: எங்கள் கல்லூரி என்.சி.சி.யில் உள்ள 303-ன் முன்கட்டையில் குறுக்கே ஒரு திருகு போகிறது. வேறு படங்களில் அது இல்லையே?
– மாணவி, மதுரை

பதில்: மேற்கு வங்கத்தில் உள்ள இஷாப்பூர் தொழிற்சாலையின் வேலை, அம்மா. வால்நட்டுக்குப் பதில் நம்மூர் மரம் போட்டபோது கட்டை பிளக்காமலிருக்க வைத்த திருகு அது. ‘ஆர்எஃப்ஐ’ என்ற எழுத்தையும் தேடிப் பாருங்கள். ‘டிபி’ என்றும் இருந்தால் அது டிரில்லுக்கு மட்டும், தோட்டா பக்கமே போகக் கூடாது.