கரஸில் சேர்ந்து ஏழு மாதம், புத்தகம் பிரிக்கவே இல்லை: இனி என்ன செய்யலாம்?

கேள்வி: திருப்பூரில் ஒரு பனியன் ஏற்றுமதி நிறுவனத்தில் மெர்ச்சண்டைசராக இருக்கிறேன். வயது 26. போன ஜூலையில் இக்னோவில் (இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம்) எம்.ஏ. பொது நிர்வாகம் சேர்ந்தேன். முதல் வருடம் நான்கு தாள், ஒவ்வொன்றும் 8 கிரெடிட். “நம்ம வேகத்துல படிக்கலாம், கெடுபிடி கிடையாது” என்று சொல்லித்தான் தோழி சேர்த்துவிட்டாள். ஷிப்மென்ட் நெருக்கடியில் இன்றுவரை புத்தகக் கட்டைப் பிரிக்கவில்லை. இப்போது பிப்ரவரி. ஏப்ரலில் அசைன்மென்ட் கொடுக்கணும், ஜூனில் பரீட்சை என்கிறார்கள். எழுதாவிட்டால் எல்லாம் அரியர் ஆகிவிடுமா? கட்டின பணம் போய்விடுமா? கஷ்டப்பட்டு முடித்தாலும் இந்தப் பட்டத்துக்கு மதிப்பு உண்டா?

பதில்: முதலில் பயத்தை இறக்கி வையுங்கள். பணமும் போகவில்லை, எதுவும் அரியரும் ஆகவில்லை. கல்லூரியில் பரீட்சைக்குப் போகாவிட்டால் அந்தத் தாள் அரியர். இங்கே ஜூனில் எழுதாத தாளை டிசம்பரில் எழுதலாம், அதிலும் முடியாவிட்டால் அடுத்த ஜூனில் எழுதலாம். எம்.ஏ.வை முடிக்கக் குறைந்தது 2 வருடம், அதிகபட்சம் 4 வருடம். அந்த நான்கு வருடத்துக்குள் எந்தத் தாளை எப்போது எழுதுவது என்பது உங்கள் முடிவு.

“நம்ம வேகத்துல படிக்கலாம்” என்பதன் முழு அர்த்தமும் இவ்வளவுதான். எத்தனை தாளை எந்தத் தேர்வில் எழுதுவது என்பது உங்கள் கையில். ஆனால் தேதிகள் பல்கலைக்கழகத்தின் கையில். சேர்த்துவிடுகிறவர்கள் முதல் பாதியை மட்டும் சொல்லிவிடுகிறார்கள். கற்றல் மையத்தில் சனி, ஞாயிறு வகுப்பு எடுப்பவன் என்பதால் சொல்கிறேன், பாதியில் நின்றுபோகிறவர்களில் பாடம் கடினமாக இருந்ததால் நின்றவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை. ஏதோ ஒரு தேதியைத் தவறவிட்டு, அதோடு மனம் விட்டுப்போனவர்கள்தான் அதிகம்.

நீங்கள் மறக்கவே கூடாத தேதிகள் மூன்று. அசைன்மென்ட் கொடுக்க வேண்டிய தேதி, ஜூன் தேர்வுக்கு ஏப்ரலை ஒட்டியும் டிசம்பர் தேர்வுக்கு அக்டோபரை ஒட்டியும் வரும். சில சமயம் நீட்டிப்பார்கள், அதை நம்பி உட்காரக் கூடாது. அடுத்து, தேர்வு விண்ணப்பம். வருடக் கட்டணம் கட்டியாயிற்றே, ஹால் டிக்கெட் தானாக வரும் என்று பலர் நினைக்கிறார்கள். வராது. ஒவ்வொரு முறையும் ஆன்லைனில் விண்ணப்பித்து, எழுதும் தாள்களுக்குத் தனியாகப் பணம் கட்ட வேண்டும். மூன்றாவது மறுபதிவு, அதாவது அடுத்த வருடத்துக்குப் பணம் கட்டிப் பதிவு செய்வது. உங்களை மாதிரி நிலையில் இருப்பவர்கள் கோட்டை விடுவது இதில்தான். முதல் வருடத் தாள் ஒன்றுகூட எழுதவில்லை என்றாலும் இரண்டாம் வருடத்துக்கு மறுபதிவு செய்யலாம், செய்துவிட வேண்டும். “முதல் வருஷத்தையே முடிக்கல, அதுக்குள்ள ரெண்டாம் வருஷப் பணமா?” என்று தயங்கினால், இரண்டாம் வருடத் தாள்களை எழுதும் தகுதி அப்படியே தள்ளிப்போகும். உங்கள் நான்கு வருடக் கணக்கு உங்களுக்காகக் காத்திருக்காது.

சரி, இப்போது கணக்குக்கு வருவோம். இக்னோவில் ஒரு கிரெடிட் என்றால் 30 மணி நேரப் படிப்பு. 8 கிரெடிட் தாளுக்கு 240 மணி நேரம். வாசிப்பு, குறிப்பெடுப்பு, அசைன்மென்ட், வார இறுதி வகுப்பு எல்லாம் இதில் அடக்கம். நான்கு தாளையும் ஒரே வருடத்தில் முடிக்க 960 மணி நேரம் வேண்டும், அதாவது வாரத்துக்குப் பதினெட்டு மணி நேரத்துக்கு மேல். காலை ஒன்பதுக்குப் போய் இரவு எட்டுக்குத் திரும்புகிறவருக்கு இது நடக்காது. நடக்கவில்லை என்று உங்களை நீங்களே திட்டிக்கொள்ளவும் தேவையில்லை.

உங்களால் முடிவது திங்கள் முதல் சனி வரை தினம் ஒரு மணி நேரம், ஞாயிறு ஆறு மணி நேரம் என்று வையுங்கள். வாரத்துக்கு 12 மணி நேரம் ஆயிற்று. ஜூன் தேர்வுக்கு இன்னும் சுமார் பதினைந்து வாரம் இருக்கிறது. மொத்தம் 180 மணி நேரம்தான். ஆகவே ஜூனில் ஒரே ஒரு தாள் எழுதுங்கள். மணிக்கணக்கு கொஞ்சம் குறைகிறதுதான், ஆனால் ஒரு தாளை இறுக்கிப் பிடித்தால் சமாளிக்கலாம். டிசம்பரில் இரண்டு, அடுத்த ஜூனில் ஒன்று என்று போனால் முதல் வருடம் முடிந்தது. அந்த ஜூனிலேயே இரண்டாம் வருடத் தாள் ஒன்றையும் சேர்த்து எழுதி, அதன் பிறகும் இதே வேகத்தில் போனால் மூன்று வருடத்தில் பட்டம் கையில். ஒரு வருடம் உபரியாக இருக்கும். கல்யாணம், வேலை மாற்றம், உடம்புக்கு முடியாமல் போவது எல்லாவற்றுக்கும் அந்த ஒரு வருடம் தேவைப்படும்.

நான்கையும் ஒரே மூச்சில் எழுதிவிடலாம் என்று யாராவது கைடு கொடுத்தால் வாங்காதீர்கள். பாஸ் ஆகலாம். ஆனால் நீங்கள் ஆசைப்பட்டுச் சேர்ந்த பாடம் உங்களுக்குள் இறங்காது.

இனி புத்தகக் கட்டைப் பிரியுங்கள். சாதாரணப் பாடநூல் மாதிரி அட்டையிலிருந்து அட்டை வரை வாசிக்கிற புத்தகம் அல்ல இது. ஆசிரியர் எதிரே இல்லை என்பதை மனதில் வைத்தே எழுதியது. ஏதாவது ஒரு அலகை எடுத்துப் பாருங்கள். தொடக்கத்தில், இதைப் படித்து முடித்தால் உங்களால் என்னென்ன விளக்க முடியும் என்று நாலைந்து வரி இருக்கும். அதைத் தாண்டிப் போய்விடாதீர்கள், பரீட்சைக் கேள்விகள் பெரும்பாலும் அந்த வரிகளின் மறுவடிவம்தான். நடுவில் கேள்வியும் அதற்குக் கீழே காலிக் கோடுகளும் வரும். விடைக்குறிப்பு அலகின் கடைசியில். முதல் தடவை சேர்ந்தவர்களின் புத்தகங்களை வாங்கிப் பார்த்தால் அந்தக் கோடுகள் எல்லாம் வெள்ளையாகவே இருக்கும். பென்சிலால் மூன்று வரி எழுதுங்கள், அப்புறம் கடைசிப் பக்கத்தைத் திருப்பி ஒப்பிடுங்கள். வகுப்பில் ஆசிரியர் “நீ சொல்லும்மா” என்று எழுப்பிக் கேட்பாரே, அந்த வேலையைத்தான் அந்த நாலு கோடு செய்கிறது. புத்தகத்தைச் சுமக்க முடியாத நாளில் இக்னோவின் ஈ-ஞான்கோஷ் தளத்தில் இதே அலகுகள் பிடிஎஃப் ஆக இலவசமாகக் கிடைக்கும். பஸ்ஸில் போகும் அரை மணி நேரத்துக்கு அது போதும்.

அசைன்மென்ட் பற்றிக் கொஞ்சம் அழுத்திச் சொல்ல வேண்டும். ஒரு தாளின் மதிப்பெண்ணில் 30 சதவீதம் அதற்கு, 70 சதவீதம் பரீட்சைக்கு. எம்.ஏ.வில் இரண்டிலும் தனித்தனியாக 40 சதவீதம் எடுக்க வேண்டும், ஒன்றைக் காட்டி இன்னொன்றை ஈடுகட்ட முடியாது. ‘ரெடிமேட்’ விடைகள் கடையிலும் வாட்ஸ்அப்பிலும் விற்கின்றன. நான் திருத்தும் கட்டில் ஒரே பத்தி, ஒரே எழுத்துப்பிழையோடு பத்துப் பேரிடம் வரும். பார்க்கும்போது கோபத்தை விட வருத்தம்தான் அதிகம். இந்த முறையில் ஓர் ஆசிரியர் உங்கள் எழுத்தை உட்கார்ந்து வாசித்து, ஓரத்தில் “இங்கே உதாரணம் எங்கே?” என்று எழுதித் தருவது இந்த ஒரே இடத்தில்தான். அதையும் விலைக்கு வாங்கிக் கொடுத்துவிட்டால் இரண்டு வருடமும் ஆசிரியரே இல்லாமல் படித்த மாதிரி ஆகிவிடும்.

இன்னொன்று, உங்கள் பருவத்துக்கு உரிய கேள்விகள்தானா என்று பார்த்து எழுதுங்கள். பழைய வருடக் கேள்விக்கு எழுதினால் உழைப்பு வீண். கொடுப்பதற்கு முன் எல்லாப் பக்கங்களையும் போனில் படம் எடுத்து வையுங்கள், கொடுத்ததும் ஒப்புகைச் சீட்டைக் கேட்டு வாங்குங்கள். என்னிடம் படித்த ஒரு பெண்ணுக்கு மூன்று தாளின் அசைன்மென்ட் மதிப்பெண் பதிவாகவே இல்லை. பரீட்சையில் பாஸ், ஆனால் பட்டம் வரவில்லை. பர்ஸில் நாலாக மடித்து வைத்திருந்த, மை மங்கிய ஒரு சீட்டுதான் அவருக்கு வழிவிட்டது. இல்லாவிட்டால் மூன்றையும் திரும்ப எழுதியிருப்பார். அசைன்மென்ட்டில் ஒருமுறை தேறிவிட்டால் அந்த மதிப்பெண் அப்படியே இருக்கும், பரீட்சையைப் பின்னால் எழுதினாலும் திரும்பக் கொடுக்க வேண்டியதில்லை.

பரீட்சை மூன்று மணி நேரம், பேனாவால். நாள் முழுக்கக் கீபோர்டில் இருக்கும் கை முதல் மணி நேரத்திலேயே வலிக்கத் தொடங்கும். மே மாதத்தில் இரண்டு ஞாயிறாவது பழைய வினாத்தாளை வைத்து, கடிகாரம் பார்த்து முழுசாக எழுதிப் பாருங்கள்.

மதிப்பு பற்றிக் கேட்டீர்கள். யு.ஜி.சி. (பல்கலைக்கழக மானியக் குழு) அங்கீகாரம் பெற்ற நிறுவனத்தில் தொலைநிலையில் பெற்ற பட்டம், நேரில் படித்துப் பெற்ற பட்டத்துக்குச் சமம். 2022 செப்டம்பரில் யு.ஜி.சி. இதை மீண்டும் தெளிவாக அறிவித்தது. இக்னோ 1985-இல் நாடாளுமன்றச் சட்டத்தால் உருவான மத்தியப் பல்கலைக்கழகம், அந்தக் கவலை உங்களுக்கு வேண்டாம். ஆனால் உங்களைப் பார்த்து அலுவலகத்தில் வேறு யாராவது சேர ஆசைப்பட்டால், யு.ஜி.சி.யின் தொலைநிலைக் கல்விப் பிரிவுத் தளத்தில் அந்தப் பல்கலைக்கழகமும், அந்தப் படிப்பும், அந்தப் பருவமும் பட்டியலில் உள்ளனவா என்று மூன்றையும் பார்த்துவிட்டுச் சேரச் சொல்லுங்கள். “ஒரே வருஷத்தில் டிகிரி” என்று சுவரில் ஒட்டியிருக்கும் நோட்டீஸ் பக்கம் போகவே வேண்டாம். பொறியியல், மருத்துவம், நர்சிங், சட்டம் போன்றவற்றைத் தொலைநிலையில் நடத்த அனுமதியே இல்லை என்பதையும் சொல்லிவையுங்கள்.

இந்த ஞாயிற்றுக்கிழமை நான்கு தாளின் புத்தகங்களையும் தரையில் பரப்பி, ஒவ்வொன்றிலும் முதல் அலகை மட்டும் வாசித்துப் பாருங்கள். எது கையை விட்டு இறங்க மறுக்கிறதோ அதுதான் உங்கள் ஜூன் தாள். மற்ற மூன்றையும் திரும்பக் கட்டி, இரண்டில் டிசம்பர், ஒன்றில் அடுத்த ஜூன் என்று எழுதி அலமாரியில் வைத்துவிடுங்கள்.