புளியங்கட்டை பிளக்க எந்த மெஷின்?

மன்னார்குடி நண்பருக்கு வணக்கம். சமையல் கூடத்துக்குப் புளியங்கட்டையும் வேலிக்கருவையும் பிளக்க, விலை குறைவென்று கூம்புத் திருகு மெஷின் (திருகாணி மாதிரிச் சுற்றிக் கட்டைக்குள் இறங்கிப் பிளப்பது) வாங்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தயவுசெய்து வேண்டாம். சுற்றுகிற கூம்பில் துண்டு, கைலி, கையுறை எது சிக்கினாலும் ஆளையே இழுத்துவிடும். முடிச்சில் மாட்டினால் கட்டையும் சேர்ந்து சுழன்று அடிக்கும்.

எண்ணெய் அழுத்தத்தால் கட்டையை ஆப்பில் தள்ளிப் பிளக்கிற ஹைட்ராலிக் மெஷின் பாருங்கள். அதிலும் கைப்பிடிகளை இரண்டு கைகளாலும் பிடித்தால்தான் தள்ளுகிற, ஒரு கையை எடுத்தாலும் நின்றுவிடுகிற அமைப்பு அவசியம். எத்தனை டன் விசையில் தள்ளும் என்பதை மட்டும் பார்த்து முடிவெடுக்காதீர்கள். இரட்டை வேகப் பம்ப் இருந்தால் கட்டையைத் தொடும்வரை வேகமாகப் போய், இறுகும்போது வேகத்தைக் குறைத்து அழுத்தத்தைக் கூட்டும். புளியின் நார் பின்னிக்கொண்டு ஓடும். ஒரே தள்ளில் நான்காகப் பிளக்கிற நான்குமுனை ஆப்பு அதில் சிக்கி நிற்கும், ஒற்றை ஆப்பே சரி. பெரிய அடிக்கட்டைகள் வருமென்றால் நிமிர்த்தி வைத்துப் பிளக்கிற மாடல் வாங்குங்கள், தூக்குகிற பாடு மிச்சம்.

உங்கள் இணைப்பு சிங்கிள் பேஸா, த்ரீ பேஸா என்று கடைக்காரரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். அப்புறம், புளி காய்ந்துவிட்டால் பிளப்பது கடினம். பச்சையாக இருக்கும்போதே பிளந்து, ஐப்பசி மழைக்கு முன் காற்றோட்டமான கூரைக்கடியில் அடுக்கிவிடுங்கள்.