பழைய படப் புதிர் விளையாட்டில் கைபேசியைப் பார்த்து விடை சொல்கிறார்கள்; சுவையாக நடத்துவது எப்படி?

உங்கள் குழுவில் ஒருவர் “சிவாஜியின் நூறாவது படம் எது?” என்று கேட்கிறார், இன்னொருவர் கைபேசியைத் தட்டி “நவராத்திரி” என்கிறார், அத்துடன் ஆட்டம் சப்பென்று ஆகிவிடுகிறது என்றே உங்கள் கேள்வியிலிருந்து ஊகிக்கிறேன். குற்றம் தேடுபவர் மீது மட்டும் இல்லை. பட்டியலில் இருப்பதைக் கேட்டால் பட்டியலிலிருந்துதான் விடை வரும். படத்தைக் கண்ணால் பார்த்து, பாட்டைக் காதால் கேட்டவருக்குப் பிடிபடுகிற குறிப்புகளைக் கொடுங்கள். கைபேசி தானாகவே சட்டைப்பைக்குள் போய்விடும்.

மதுரையில் நண்பர் ஒருவர் வீட்டு மொட்டை மாடியில் ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் நாங்கள் கூடுகிறோம். கடினமான குறிப்பிலிருந்து எளிய குறிப்புக்கு இறங்கி வருவது எங்கள் வழக்கம். முதல் குறிப்பிலேயே சொல்பவருக்கு மதிப்பெண் அதிகம். “பாடல்களே இல்லாத தமிழ்ப் படம்” என்று தொடங்கினால், கேட்டு முடிப்பதற்குள் ‘அந்த நாள்’ (1954) என்று நாலு குரல் எழும். அதையே, “படம் தொடங்கியவுடன் நாயகன் சுடப்பட்டு இறந்துவிடுகிறான், ஜப்பான்காரன் குண்டு போடுவானோ என்று சென்னை நகரமே அஞ்சிக்கொண்டிருக்கும் காலம்” என்று தொடங்கி, “துப்பறிய வரும் அதிகாரியாக நடித்தவரே படத்துக்குத் திரைக்கதையும் எழுதியவர்” என்று ஜாவர் சீதாராமனைக் காட்டிவிட்டு, பாடல் இல்லாத செய்தியைக் கடைசிக்கு வைத்துப் பாருங்கள். அதற்குள் எல்லோரும் அந்தப் படத்தை மனத்துக்குள் ஒருமுறை ஓட்டிவிடுவார்கள்.

எங்கள் மாடியில் இன்றும் பேசப்படுகிற கேள்வி, நான் கேட்டது. “ஒரு பெண்குரலும் நாதஸ்வரமும் சேர்ந்து வரும் பாட்டு. திரையில் நாயனம் வாசிப்பவர் ஒரு பெரிய நடிகர். படம் எது?” ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவர், எங்களில் மூத்தவர், உடனே ‘தில்லானா மோகனாம்பாள்’ (1968) என்றார், ‘நலந்தானா’ பாட்டையும், அதற்கு வாசித்த மதுரை சேதுராமன் - பொன்னுசாமி சகோதரர்களையும் சொல்லி, இதில் என்ன புதிர் இருக்கிறது என்று கேட்டார். “குரல் நாயனத்தோடு சரிக்குச் சரி நின்று ஸ்வரம் பாடும்” என்றேன். அவர் விடவில்லை. அப்போது, கல்லூரியில் படிக்கும் பெண் ஒருத்தி கண்ணை மூடி மெல்ல முணுமுணுத்துப் பார்த்துவிட்டு, “ஐயா, நலந்தானாவில் நாயனம் பாட்டுக்கு நடுவே பதில் சொல்லும். இவர் கேட்பதில் இரண்டும் ஒன்றையொன்று துரத்துகின்றன. இது ‘சிங்கார வேலனே தேவா’, நாயனம் வாசிப்பவர் ஜெமினி கணேசன்” என்றாள். ‘கொஞ்சும் சலங்கை’ (1962), ஆபேரி ராகம், எஸ்.ஜானகியின் குரல், காருகுறிச்சி அருணாசலத்தின் நாயனம். இளையவர்களுக்குப் பழைய படம் தெரியாது என்று இந்தத் தளத்திலேயே பலர் எழுதுகிறார்கள். அவர்கள் அன்று அந்த மாடியில் இருந்திருக்க வேண்டும்.

வேலையற்றவர்களின் பொழுதுபோக்கு என்று இதற்கும் யாராவது பின்னூட்டம் இடுவார்கள் என்று தெரியும். ஒரு பாட்டை இரண்டு நாயன வாசிப்புகளைப் பிரித்தறியும் அளவுக்குக் கேட்டிருப்பது வீண் வேலை என்றால், அந்தப் பெயரை நான் மகிழ்ச்சியோடு ஏற்கிறேன். பாடகரைப் பற்றிய கேள்விகளும் இந்த வகையில் நன்றாக அமையும்: எம்.ஜி.ஆர். என்றால் டி.எம்.எஸ். என்றே பழகிய காதுக்கு, ‘அலிபாபாவும் 40 திருடர்களும்’ (1956) படத்தில் ‘மாசிலா உண்மைக் காதலே’ பாடிய ஏ.எம்.ராஜாவைக் கண்டுபிடிப்பது எளிதில்லை.

ஒரு மனக்குறையையும் சொல்லிவிடுகிறேன். எங்கள் விளையாட்டில் பாடலாசிரியர் பெயரைச் சொல்லாதவருக்குப் பாதி மதிப்பெண்தான். கடுமை என்று சிலர் முகம் சுளித்தார்கள். ஆனால் ‘தூங்காதே தம்பி தூங்காதே’, ‘திருடாதே பாப்பா திருடாதே’ இரண்டையும் எழுதிய பட்டுக்கோட்டை கல்யாணசுந்தரம், முப்பது வயது நிறைவதற்குள் 1959-இல் மறைந்தவர். பின்னது இடம்பெற்ற ‘திருடாதே’ படம் வெளிவந்தது 1961-இல். இன்று இணையத்தில் அந்தப் பாடல்களை ஏற்றுபவர்கள் நாயகன் பெயரைப் பெரிதாக எழுதுகிறார்கள். எழுதியவர் பெயரை விட்டுவிடுகிறார்கள், அல்லது கண்ணதாசன் என்று போட்டுவிடுகிறார்கள். தொலைக்காட்சியில் எழுத்துப் போடும் பகுதியையே வெட்டிவிட்டு நேரே கதைக்குள் போகிறார்கள். விடையில் தகராறு வந்தால் நாங்கள் நம்பும் சாட்சி அந்த எழுத்துப் பகுதிதான், அல்லது யாராவது பத்திரப்படுத்தி வைத்திருக்கும் பாட்டுப் புத்தகம். ஆகவே உங்கள் குழுவில் எவரிடமாவது வெட்டப்படாத பிரதியோ, பழைய பாட்டுப் புத்தகமோ இருந்தால் அதை முதலில் பத்திரப்படுத்துங்கள்.

அடுத்த முறை கூடும்போது இதைக் கேட்டுத் தொடங்குங்கள்: முன்பகுதி கருப்பு வெள்ளை, பின்பகுதி வண்ணம்; நாயகனுக்கு இரட்டை வேடம்; இயக்கியவரும் அவரே. மேலே நான் சொன்ன பாட்டு ஒன்று அந்தப் படத்தில்தான் வருகிறது.